காரைத் தாழ்த்தப் போகிறீர்களா? முதலில் அளவு நாடாவை எடுங்கள்

சிங்கப்பூரில், எங்கள் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில், மூன்றாம் மாடிக்கு ஏறும் திருப்பத்தில் சிமெண்டுத் தரை வெள்ளை வெள்ளையாகக் கீறிக் கிடக்கும். அந்தக் கீறல்களில் இரண்டு என்னுடையவை. முதல் காரைத் தாழ்த்தியபோது, அதாவது அதன் உடலைத் தரைக்கு நெருக்கமாக இறக்கியபோது, ஸ்பிரிங்குகளை மட்டும் மாற்றினேன். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அப்சார்பர்கள் ஆறு வயதுப் பழசு. "இது போதும், ஓட்டலாம்" என்றார்கள் பணிமனையில். நானும் நம்பினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சாலை மேட்டிலும் காரின் வயிற்றுக்குள் யாரோ உலக்கையால் இடிப்பது போல ஒரு சத்தம். எட்டு மாதத்தில் பின் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்தது. அப்போது கொடுத்த பணத்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தால் முதலிலேயே சரியாகச் செய்திருக்கலாம்.

பணிமனைக்குப் போகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மில்லிமீட்டர் இறக்கலாம்?" நான் இப்போது கேட்பது வேறு. இறக்கிய பிறகு அப்சார்பருக்குள் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்? தினமும் ஏறும் சரிவுக்கு எத்தனை மிச்சம் இருக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எதை வாங்குவது என்பது பாதி முடிவாகிவிடும்.

முதல் படி: இருப்பதை அளப்பது

சமதளத்தில் காரை நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே, சக்கரத்தை மூடும் தகடான ஃபெண்டரின் விளிம்பு வரை அளந்து நான்கு சக்கரத்துக்கும் எழுதி வையுங்கள். தரையிலிருந்து ஃபெண்டர் வரை அளப்பவர்களும் உண்டு. டயர் காற்று கொஞ்சம் குறைந்தாலோ டயர் தேய்ந்தாலோ அந்தக் கணக்கு மாறிவிடும். நடுமையத்திலிருந்து எடுத்த அளவு மாறாது. இடது வலது இடையே சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம், புதுக் காரிலும் இருக்கும்.

அடுத்தது, சரிவுச் சோதனை. இதற்குச் செலவு மூன்று நான்கு வெள்ளிதான். அடர்த்தியான நுரைத் தாள் வாங்கி, 30 மி.மீ. தடிமன் வருமாறு அடுக்கி, முன் பம்பரின் அடிப்பகுதியில் இடது, நடு, வலது என மூன்று துண்டுகள் துணி டேப்பால் ஒட்டுங்கள். காரின் வயிற்றுப் பகுதியில், இரண்டு அச்சுக்கும் நடுவே, மிகத் தாழ்வாக இருக்கும் இடத்தில் இன்னொன்று. புகைக்குழாயின் சூட்டுக்கு அருகில் ஒட்டாதீர்கள். பிறகு நிறுத்துமிடத்துக்குள் மட்டும், மெதுவாக, நீங்கள் தினம் போகும் சரிவுகளில் ஏறி இறங்குங்கள். எந்தத் துண்டு பிய்ந்து வருகிறது என்று பாருங்கள். சரிவு தொடங்கும் இடத்தில் முன் துண்டு பிய்ந்தால் பம்பர்தான் தடை. சரிவின் உச்சியில், கார் இரண்டு பக்கமும் சாய்ந்து நடு நிற்கும் அந்த இடத்தில் வயிற்றுத் துண்டு பிய்ந்தால், உங்கள் காரின் அச்சிடைத் தூரம் நீளம். அதற்குப் பம்பரை மாற்றிப் பயன் இல்லை. 30 பிய்ந்தால் 20 வைத்துப் பாருங்கள். பிய்யாமல் நிற்கும் தடிமன்தான் நீங்கள் இறக்கக்கூடிய அளவு. மெதுவாக ஓட்டிப் பார்த்ததால் வேகத் தடையில் பிரேக் அடிக்கும்போது முன்பக்கம் குனியும் கணக்கு இதில் இல்லை. அதற்காக 10 மி.மீ. கூடுதலாக ஒதுக்கிவிடுங்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நிறுத்துமிடங்களைவிடச் சில கூட்டுரிமை வீடுகளின் நிலவறைச் சரிவு மோசம். மாமியார் வீடு அப்படி ஒன்று என்றால் அங்கேயும் ஒரு முறை போய்வாருங்கள். பள்ளிவிடுமுறையில் கடற்பாலம் தாண்டி ஜோகூர், மலாக்கா என்று போகிறவர்கள், அங்கே கடைவீதிகளின் மேடுகள் நம் ஊர் மேடுகள் போல ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: சட்டமும் காப்புறுதியும்

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெறவேண்டியவை, அறவே கூடாதவை. பட்டியல் ஒன்மோட்டாரிங் இணையத்தளத்தில் இருக்கிறது. நீங்கள் பொருத்தப் போகும் வகை அதில் எங்கே வருகிறது என்பதைப் பணிமனைக்காரர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாமல் நீங்களே படியுங்கள். அபராதச் சீட்டு வாகன உரிமையாளரின் பெயருக்குத்தான் வரும்.

கார் மூன்று வயதைத் தாண்டினால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும் சோதனை. சோதனை நிலையம் விக்காம் ஆனாலும் எஸ்டிஏ ஆனாலும் காரைத் தூக்கி அடிப்பக்கம் பார்ப்பார்கள். ஆடும் ஸ்பிரிங், டயர் உரசிய தடம், எண்ணெய் வழியும் அப்சார்பர் எதுவும் அங்கே மறையாது. காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தைப் பற்றி எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கார் என்றால் விற்ற நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்வது நல்லது. வாடகைக் கார் என்றால் தொடவே வேண்டாம்.

மூன்றாம் படி: எந்த வழி

வழிகள் நான்கு. தாழ்த்தும் ஸ்பிரிங் மட்டும், ஸ்பிரிங்கோடு அதற்கேற்ற அப்சார்பர், அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்த, உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர், ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை. கடைசியைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. தொட்டி, அமுக்கி, குழாய், மின்கம்பி என்று பின்பெட்டியில் பாதி போய்விடும். சட்ட நிலையையும் முதலில் உறுதிசெய்ய வேண்டும். குடும்பக் காருக்கு அது அதிகப்படி.

ஸ்பிரிங் மட்டும் மாற்றுவதில் என்ன கெடுதல்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிற்கும் நிலையில் பின் அப்சார்பரின் தண்டு இன்னும் 60 மி.மீ. உள்ளே போனால் பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர் தடையைத் தொடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. தாழ்த்தினால் மிச்சம் 20. பின்னிருக்கையில் மூவர், பின்பெட்டியில் பெட்டிகள் என்று பின் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 100 கிலோ கூடுகிறது. மில்லிமீட்டருக்கு 3.2 கிலோ தாங்கும் ஸ்பிரிங் அந்தச் சுமைக்கு 31 மி.மீ. அமுங்கும். இருந்ததோ 20. கார் புறப்படும் முன்பே ரப்பரின் மேல் உட்கார்ந்துவிட்டது. இனி ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்புக்கு. என் முதல் காரில் அக்காவும் அவர் பிள்ளைகளும் ஏறினால் "தம்பி, இது காரா மாட்டுவண்டியா" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கான இயற்பியல் இதுதான்.

இதனால்தான் ஸ்பிரிங் மட்டும் வாங்குவதென்றால் 25 மி.மீ.க்குள் நில்லுங்கள், அதுவும் அப்சார்பர் புதிதாக இருந்தால். அய்பாக் ப்ரோ-கிட், எச் அண்ட் ஆர், டெயின் போன்ற பெயர்பெற்ற ஸ்பிரிங்குகளில் ஒவ்வொரு கார் மாடலுக்கும் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியே போட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்குவதை யார் பரிந்துரைத்தாலும் அந்தப் பணிமனையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அறுத்த முனை ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சரியாக உட்காராது, கார் தூக்கப்படும்போது கழன்று ஆடும்.

ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த தொகுப்பு, என்னைக் கேட்டால், இந்த ஊரில் ஓடும் பத்துக் காரில் ஏழுக்குப் போதும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பில்ஸ்டைனின் பி6 அப்சார்பர் தொழிற்சாலை உயரத்துக்கு உரியது. பி8 தாழ்த்திய காருக்கென்று குட்டையாகச் செய்யப்பட்டது. பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம், பொருத்தினால் மேலே சொன்ன 20 மி.மீ. கதை மாறிவிடும். பி8 அப்சார்பரையும் அய்பாக் ஸ்பிரிங்கையும் சேர்த்து பி12 என்று ஒரே பெட்டியாக விற்கிறார்கள். இப்படிச் சேர்த்தே சோதித்த தொகுப்பு கிடைத்தால் தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்ப்பதைவிட நிம்மதி.

காயில்ஓவரில் இரண்டு சாதி. ஒன்றில் ஸ்பிரிங் உட்காரும் தட்டைக் கீழே திருகினால் கார் இறங்கும். அப்சார்பரின் மிச்சப் பயணமும் கூடவே குறையும். அளவு மீறித் திருகினால் காரைத் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து ஆடும். இன்னொன்றில் அடிப்பாகத் தாங்கியே மேலும் கீழும் திருகும். ஸ்பிரிங்கின் இறுக்கமும் தண்டின் பயணமும் அப்படியே இருக்க, உயரம் மட்டும் மாறும். டெயினில் ஸ்ட்ரீட் அட்வான்ஸ் இசட் முதல் வகை, ஃப்ளெக்ஸ் இசட் இரண்டாவது. 40 மி.மீ.க்கு மேல் இறக்க நினைப்பவர் இரண்டாவது வகையைத்தான் பார்க்க வேண்டும். முதல் வகை மட்டம் என்று பொருளில்லை. 25, 30 இறக்கிவிட்டு மறந்துவிடுகிறவருக்கு அது போதும்.

அதேபோல, அப்சார்பரின் தடையை மாற்ற எத்தனை திருகு இருக்கிறது என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கேடபிள்யூ நிறுவனத்தின் வேரியண்ட் 1-இல் உயரம் மட்டும் மாறும். வேரியண்ட் 2-இல் தண்டு வெளியே வரும்போதுள்ள தடையையும் மாற்றலாம். வேரியண்ட் 3-இல் உள்ளே போகும்போதுள்ளதையும் மாற்றலாம். மூன்றாவதை வாங்கிவிட்டுத் திருகுகளைத் தொடாமலே ஐந்து ஆண்டு ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று: காயில்ஓவரின் மேல் தாங்கியில் ரப்பருக்குப் பதில் உலோகப் பந்து மூட்டு வைத்துவருபவை உண்டு. ஸ்டியரிங் கூர்மையாக இருக்கும், உண்மைதான். ஆனால் ஆண்டு முழுக்க மழையும் ஈரமும் உள்ள இந்த ஊரில் அந்த மூட்டு சீக்கிரம் 'டக் டக்' என்று பேசத் தொடங்கும். சாலையில் ஓட்டும் காருக்கு ரப்பர் தாங்கியே என் தேர்வு.

நான்காம் படி: ஸ்பிரிங் எண்ணைப் படிப்பது

காயில்ஓவர் பெட்டியில் "முன் 6, பின் 4" என்று எழுதியிருக்கும். மில்லிமீட்டருக்கு ஆறு கிலோ, நான்கு கிலோ என்று பொருள். ஐரோப்பியத் தயாரிப்பாளர் நியூட்டனில் போடுவார். ஒரு கிலோவுக்கு 9.8 நியூட்டன் என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

எண்ணை நேரடியாக இன்னொரு காரின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள காரில் ஸ்பிரிங் ஏறக்குறைய சக்கரத்தோடு சேர்ந்தே நகரும். மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பில் ஸ்பிரிங் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டும் அமுங்கலாம். அந்த விகிதத்தை இருமுறை பெருக்க வேண்டும். 0.7 விகிதமுள்ள காரில் 8 கிலோ ஸ்பிரிங், சக்கரத்தில் 3.9 கிலோதான். நண்பருடைய காரில் 8 போட்டும் மென்மையாக இருக்கிறதே என்று உங்கள் ஸ்ட்ரட் காரில் 8 போட்டால், அடுத்த வாரமே விற்பனை விளம்பரம் எழுத வேண்டியிருக்கும்.

ஒரு மூலைக்கு 350 கிலோ சுமை, சக்கரத்தில் 2.5 கிலோ ஸ்பிரிங் என்றால் கார் நொடிக்கு ஏறத்தாழ 1.3 முறை மேலும் கீழும் அசையும். சாதாரணச் செடான் கார்கள் இந்த எல்லையில்தான் இருக்கும். ஸ்பிரிங்கை 5 கிலோ ஆக்கினால் அசைவு 1.9 ஆகிறது. 1.5க்கு அருகில் இருந்தால் குடும்பம் புகார் சொல்லாது. 2ஐ நெருங்கினால் உங்களுக்கு மட்டும் பிடிக்கும்.

தாழ்த்தினால் கார் வளைவில் சாயாது என்ற நம்பிக்கைக்கும் இங்கே ஒரு திருத்தம். ஸ்ட்ரட் காரில், சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் கீழ்க் கையான லோயர் ஆர்ம் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்தோ கிடையாகவோ இருக்கும். அளவு மீறி இறக்கினால் அது வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாயும். அப்போது காரின் எடைமையம் இறங்குவதைவிட, சாய்வதற்கான மையம் வேகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே தூரம் கூடுகிறது. கார் தாழ்வாகவும் இருக்கும், முன்னைவிடச் சாயவும் விரும்பும். அதைக் கடினமான ஸ்பிரிங்கால் கட்டிப்போட வேண்டிவரும். காரை முன்பக்கமிருந்து குனிந்து பாருங்கள். ஆர்ம் கிடையைத் தாண்டி மேலே சாய்ந்திருந்தால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

ஐந்தாம் படி: பொருத்தும் நாள்

சின் மிங், காக்கி புக்கிட், ஊபி பக்கம் பணிமனைகளுக்குக் குறைவில்லை. விலை கேட்கும்போது கூலியோடு எதெல்லாம் சேரும் என்று கேளுங்கள். மேல் தாங்கி, அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவை புதிதாக வரவேண்டும். பழைய காரென்றால் இவற்றைத் திரும்பப் பொருத்துவது, புதுச் சட்டைக்குப் பழைய பொத்தான் தைப்பது போன்றது. கூலி இரண்டாம் முறையும் உங்களுடையதுதான். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புத் தண்டு, அதிகம் இறக்கினால், குட்டையானதாகவோ நீளம் மாற்றக்கூடியதாகவோ வேண்டும்.

நான் கூடவே நின்று கவனிக்கும் ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. ஆர்ம்களின் உள்முனையில் ரப்பர் புஷ்கள் உள்ளன. சக்கரம் ஆடும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும். கார் தூக்கியில் தொங்கும்போது நட்டை முழுக்க இறுக்கிவிட்டால், ரப்பர் அந்தத் தொங்கும் கோணத்தில் பூட்டிக்கொள்ளும். காரைக் கீழே இறக்கியதும் நாள் முழுக்க முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சில மாதத்தில் கிழியும். உயரமும் பொய்யாகச் சில மில்லிமீட்டர் கூடுதலாகத் தெரியும். தூக்கியில் நட்டைக் கையிறுக்கமாக மட்டும் வைத்து, சக்கரத்தின் மேல் எடை விழுந்த பிறகு முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். "அண்ணன், கீழே இறக்கிவிட்டு இறுக்குங்களேன்" என்று முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். தெரிந்தவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். எரிச்சல்படுகிறவரிடம் அடுத்த முறை போகாதீர்கள்.

ஆறாம் படி: அலைன்மென்ட்டும் விளக்கும்

பொருத்திய அன்று ஒரு தோராய அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது, போதும். புது ஸ்பிரிங் சற்று இறங்கி உட்காரும். இரண்டு வாரம் ஓட்டியபின் நடுமையம்-ஃபெண்டர் அளவை மறுபடி எடுத்து, பிறகு முழு அலைன்மென்ட் செய்யுங்கள். ஓட்டுநர் தனியாக ஓட்டும் கார் என்றால் உங்கள் எடைக்குச் சமமாக எதையாவது இருக்கையில் வைத்துச் செய்யச் சொல்வது நல்ல பழக்கம்.

தாழ்ந்த காரில் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும். அதுதான் நெகட்டிவ் கேம்பர். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லாரும் கேம்பரைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ, அதாவது இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று பார்த்தோ விலகியோ நிற்கும் கோணம். டோ சரியாக இருந்தால் ஒன்றரை பாகை கேம்பரோடும் டயர் நியாயமாக உழைக்கும். அலைன்மென்ட் முடிந்து தரும் தாளில் முதலில் டோவைப் பாருங்கள், பின் சக்கரத்துக்கும் சேர்த்து.

முகவிளக்கின் ஒளி விழும் கோணத்தையும் அன்றே சரிபார்க்க வேண்டும். தானாக மட்டம் பார்க்கும் விளக்குள்ள கார்களில் சஸ்பென்ஷன் ஆர்மோடு இணைந்த ஓர் உணரி இருக்கும். கார் தாழ்ந்ததை அது 'பின்பெட்டியில் சுமை' என்று புரிந்துகொண்டு விளக்கைக் குனிய வைக்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்துத் தடம் பார்க்கும் கார்களில் அதன் அளவமைவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: டேம்பிங் திருகு

தடையை மாற்றும் டேம்பிங் திருகு உள்ள அப்சார்பர் என்றால் முழுக்க இறுக்கிய நிலையிலிருந்து கிளிக்குகளை எண்ணுங்கள். நடுவில் தொடங்குங்கள். தினமும் போகும் ஒரே பாதையைச் சோதனைச் சாலையாக வைத்துக்கொள்ளுங்கள். மேம்பாலத்தில் சிமெண்டுப் பலகைகள் சேரும் இடங்களில் வரும் 'தட்... தட்...' இதற்கு மிகப் பொருத்தம். இணைப்பைத் தாண்டியபின் கார் இரண்டாம் முறை எழுந்து அமர்ந்தால் திருகு தளர்வு, இரண்டு கிளிக் இறுக்குங்கள். ஒவ்வொரு இணைப்பும் பல்லில் இடித்தால் இரண்டு கிளிக் தளர்த்துங்கள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம், முன்பக்கம் அல்லது பின்பக்கம் மட்டும். எழுதி வைக்காவிட்டால் மூன்றாம் நாள் எங்கே தொடங்கினோம் என்பதே மறந்துபோகும்.

காயில்ஓவரின் உயரத்தை மாற்றும் திருகு இழைகளில் சேரும் சேற்றை மாதம் ஒரு முறை தூரிகையால் தட்டிவிடுங்கள்; கிழக்குக் கடற்கரைப் பக்கம் நிறுத்துகிறவர்கள் இன்னும் அடிக்கடி. விட்டால் பூட்டுவளையம் இறுகிப்போய், உயரம் மாற்றும் வசதிக்குக் கொடுத்த பணம் வீண். இழுவை வண்டியைக் கூப்பிட நேர்ந்தால் தாழ்ந்த கார் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். கனமழையில் நீர் தேங்கும் சாலையில் உங்களுக்கு முன்னே போன கார் தாண்டியதே என்று பின்தொடராதீர்கள்.

பழைய ஸ்பிரிங், அப்சார்பர் எதையும் பணிமனையில் விட்டுவராதீர்கள். காரை விற்கும்போது தொழிற்சாலை நிலைக்கு மாற்றிவிட்டுக் காயில்ஓவரைத் தனியாக விற்கலாம். முன் இடது, முன் வலது என்று வெள்ளை எழுதுகோலால் குறித்து, செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். எங்கள் வீட்டுப் பாதுகாப்பு அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் எட்டுப் பொட்டலங்கள் இருக்கின்றன. காரை வைத்திருக்க அனுமதிக்கும் வாகன உரிமைச் சான்றிதழ் முடிய இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது என்று ஒவ்வொரு பொங்கல் துப்புரவிலும் என் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன்.